மகளின் கல்யாணச் சஹன்

அன்புள்ள நானா,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது உங்களுடைய சாம்பல் நிறக் காலுறை ஒன்று கைக்கு வந்தது. ஒற்றைக் காலுறை. அதை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒழுங்கு போடாமல் எழுத வராதவன் நான். ஆகவே முதலில் குறிப்புகள்:

1. அந்தக் காலுறை உங்கள் கையில் ஏறிய விதம்.
2. கல்யாணத்துக்கு முன் நாம் செய்த பயிற்சி.
3. கல்யாணச் சஹனில் உங்கள் கை தோற்றது.

பக்கவாதம் உங்களுக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் முதல் நாளே சொன்னீர்கள்: "நம்ம ரெண்டு பேரையும் நடுவால வெட்டித் தச்சா ஒரு முழு ஆள் வரும் மாஸ்டர்." துணிக்கடைக்காரர் அல்லவா! ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான நானோ, மிச்சப்படும் இன்னோர் ஆளை நினைத்துக் கவலைப்பட்டேன்.

பயிற்சி தந்த சிங்களப் பெண் உங்கள் நல்ல இடக்கையைக் காலுறைக்குள் விட்டு மணிக்கட்டில் கட்டினார். "வாப்பா, இந்தக் கை லீவு. அந்தக் கை டியூட்டி." கெட்டிக்காரக் கை ஓடி ஓடி உதவும்வரை சோர்ந்த கை எதையும் கற்காது என்று விளக்கினார்.

உங்கள் அவசரம் எனக்குத் தெரியும். "மகள்ட கல்யாணத்துல சஹன்ல இருந்து வலது கையால திங்கோணும் மாஸ்டர். கரண்டியக் கண்டா, வாப்பா முடிஞ்சிட்டாரெண்டு அவள் அழுவாள்." ஆறு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பந்தியில் இடக்கைக்கு இடமில்லை.

பின்னேரங்களில் அந்தக் காலுறையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்கு, உங்கள் வீட்டுக்கு வருவேன். முதலில் கடலை பொறுக்கினீர்கள். பிறகு குழைந்த சோறு. விரல்கள் மூடும், வாய்க்கு அருகில் வந்ததும் திறக்க மறுக்கும். உதறினால் கவளம் சாரத்து மடியில் விழும். "சாரத்துக்கும் பசி மாஸ்டர்" என்பீர்கள். சிரித்த பிறகு, மடியில் விழுந்ததை அதே கையால் பொறுக்கப் பார்ப்பீர்கள்.

கல்யாணத்தன்று என் சட்டைப்பையில் ஒரு கரண்டியை முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றி வைத்திருந்தேன். எதைத் தொடங்கினாலும் தோல்விக்கும் ஓர் ஏற்பாடு செய்துகொள்பவன் நான்.

சஹன் வந்தது. உங்கள் பக்கத்தில் நான் இருந்தேன். முதல் கவளம் தட்டிலேயே சிதறியது. அடுத்தது தாடியில் ஒட்டியது. எதிரே இருந்த சம்பந்தி தலை குனிந்துகொண்டார். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் எழுவது மரியாதையில்லை என்பதால், எல்லாரும் பருக்கை பருக்கையாக மென்றுகொண்டிருந்தார்கள். மற்றச் சஹன்களில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கை கழுவும் பாத்திரத்துடன் ஒருவர் நம் பின்னால் வந்து நின்றார். உங்கள் கழுத்தில் வியர்வை வழிந்தது. பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி மகள் பார்ப்பதைக் கண்டேன். என் கை சட்டைப்பைக்குப் போனது.

நீங்கள் திரும்பாமலே சொன்னீர்கள்: "மாஸ்டர், அத வெளிய எடுத்தீங்கண்டா நம்ம சிநேகிதம் இந்தச் சஹனோட முடிஞ்சி."

வெறுங்கையை வெளியே எடுத்துவிட்டேன்.

அதன்பின் நீங்கள் சோற்றைத் தொடவில்லை. ஓர் இறைச்சித் துண்டைப் பிடித்தீர்கள். உடம்பையே முன்னால் சாய்த்து, தட்டுக்குக் குறுக்கே, சம்பந்தியின் பக்கம் கொண்டுபோனீர்கள். அங்கே கை நின்றது. பெருவிரல் முதலில் விலகியது. பிறகு மற்ற விரல்கள். துண்டு அவர் முன்னால் விழுந்தது.

"தின்னுங்க சம்பந்தி. இவ்வளவு நேரமும் என்னப் பாத்தே பசியாறினீங்க."

சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. சஹனே சிரித்தது. திரைக்கு அப்பால் உங்கள் மகளின் சிரிப்பும் கேட்டது.

அடுத்த மழைக்காலத்தில் பக்கவாதம் மறுபடி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. பயிற்சி அறைக்கு இப்போது நான் தனியே போகிறேன். என் இடக்கை எதையாவது பிடித்துவிட்டால் எல்லாரும் பாராட்டுகிறார்கள். நான் மட்டும் அது விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று ஒரு கவளமும் உங்கள் வாய்க்குள் போகவில்லை. அதை மட்டும் வைத்து மேலே முடிவு எழுதிவிட்டேன். அந்தக் கை விருந்தாளிக்குப் பரிமாறியது, நானா. மூன்றாவது குறிப்பு பிழை.