கலர் வேண்டாம் என்று சொன்னவன்

மே 5, திங்கள்

மில்லில் மருத்துவ முகாம். லோடு வண்டி ஓட்டுகிறவன்தானே, நமக்கென்ன நோய் என்று சும்மாதான் கையை நீட்டினேன். "ஒரு நாளைக்கு எத்தன கலர் குடிப்பே?" என்றார் டாக்டரம்மா. நாலு பாட்டில் கலர் சோடா. வெயிலில் வாலாஜாபாத் வரை ஓட்டுகிறவன் வேறென்ன குடிப்பான்?

"சக்கர வர்ற எடத்துல நிக்கிறே. தண்ணி குடி, மோர் குடி, காலைல கூழ் குடி. கலரத் தொடாதே."

பயத்தில் சத்தியமே பண்ணிவிட்டேன்.

மே 8

மூன்று நாளாகத் தொடவில்லை! கூழ் குடித்தால் பகல் ஒரு மணிவரை பசி எட்டிப் பார்ப்பதில்லை. மில்லில் என் பெயர் இப்போது சாமியார்.

மே 11, ஞாயிறு

திருப்புலிவனத்தில் பெண் பார்த்தோம். பெயர் கீதா. உத்திரமேரூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஐயோ, அந்தச் சிரிப்பு! தட்டில் ஆரஞ்சு கலர் கொண்டுவந்து நீட்டினாள். "எனக்கு வேணாங்க" என்றேன், ரொம்பப் பெருமையாக. தட்டை அப்படியே திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்ததும் சுலோச்சனா அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தாள். "பொண்ணு கையால குடுக்கறத வேணாம்னா, பொண்ணே வேணாம்னு அர்த்தம்டா லூசு!"

எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த முதல் பெண்ணே இவள்தான்.

மே 12

தரகர் சின்னராசு போன் பண்ணினார். "புடிக்கலன்னா அப்பால சொல்லி அனுப்பறது. இப்டியா மூஞ்சில அடிக்கிற மாரி பண்ணுவாங்கன்னு பொண்ணோட நைனா கேக்குறாரு."

போச்சு. எல்லாம் போச்சு. ஒரு டம்ளர்... ஒரே ஒரு டம்ளர் குடிச்சிருந்தா செத்தா பூட்டிருப்பேன்?

மே 14

வெறும் வயிற்றோடு அவள் லேபுக்கே போனேன். சர்க்கரை டெஸ்ட் என்றேன். கையில் ரப்பரை இழுத்து ஒரு கட்டு கட்டினாள் பாருங்கள், உயிர் போனது. ஊசி இறங்கும்போதே முகாம் சீட்டை நீட்டி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். படித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்ப கலருதான் வேணாமா?"

"கலரு மட்டுந்தாங்க."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நைனா மூணு நாளா யாராண்டயும் பேசாம உக்காந்துகினு கீறாரு. ஞாயித்துக்கெயம வூட்டுக்கு வாங்க."

திரும்பும் வழியெல்லாம் ஆளில்லாத ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

மே 15

வாட்ஸ்அப்பில் ரிசல்ட். கீழே ஒரு வரி: 'கொறஞ்சிருக்கு, உட்டுடாதீங்க.' பதினேழு தடவை படித்தேன். ரிசல்ட்டை இன்னும் பார்க்கவில்லை.

மே 18, ஞாயிறு

எல்லோருக்கும் கலர். எனக்கு மட்டும் சொம்பு நிறைய மோர். ஒரு வாய்தான்... பாவி, பச்சை மிளகாயை அரைத்தே ஊற்றியிருக்கிறாள்! காதில் புகை வந்தது. அவளோ கதவோரம் நின்று என்னையே பார்க்கிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? ஒரே மூச்சில் குடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா தம்பி?" என்றார் அவள் அம்மா.

சொம்பை நீட்டினேன்.

அதுவும் காலியானதும் அவள் நைனா எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்தார்.