தேய்ந்த படியும் பித்தளைத் தகடும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று குழாயில் நான் கத்திய ஆர்டர்: "யானைக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி!"

எங்கள் டீக்கடையின் சமையலறை தரைக்குக் கீழே இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதில் வாயை வைத்துக் கத்தினால் அம்மாவுக்குக் கேட்கும். டீ போட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு கல் படியேறி, திரைக்குப் பின்னால் மேல் படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். அங்கிருந்து அப்பாவோ நானோ எடுத்துப் போவோம். கொள்ளுத்தாத்தா காலத்து ஏற்பாடு. அவர் ஒரு நாளாவது தட்டைத் தூக்கியிருப்பாரா?

குழாயில் காதை வைத்தேன். "யானையைக் கீழ அனுப்புடி. பாத்திரம் தேய்க்க ஆள் இல்ல."

சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். கடையே சிரித்தது. கைதட்டல் எனக்கு, வசனம் அம்மாவுடையது.

அடுத்த வாரம் கொத்தனார் வருகிறார். பின்பக்க அறையில் புதுச் சமையலறை. டாக்டர் அம்மாவின் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "படியை மறந்துடுங்கம்மா" என்றாராம். "படி என்னை மறக்கணுமே டாக்டர்" என்றாளாம் இவள்.

மார்ச் 5, வியாழன்

பழைய நகரத்தில் தெருவுக்கு ஒரு கடையைப் 'பழம்பெரும் கடை' என்று நகராட்சி தேர்ந்தெடுக்கப் போகிறதாம். வாசலில் பித்தளைத் தகடு, சுற்றுலா வரைபடத்தில் பெயர்.

எங்கள் தெருவில் போட்டி இரண்டே பேருக்கு. நாங்களும் எதிரே இருக்கும் ரொட்டிக்கடை மாமாவும். தெருவின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குச் சண்டை.

"உன் தாத்தா எங்க ரொட்டியைத் தின்னுட்டுத்தான்யா கடை திறக்கவே எழுந்தார்!"

"உங்க தாத்தா அடுப்பு பத்தவைக்க எங்ககிட்டதான் நெருப்பு வாங்கினார்!"

இரண்டு தாத்தாக்களையும் இவர்கள் யாரும் பார்த்ததில்லை.

மார்ச் 6, வெள்ளி

பள்ளிக்குப் போகும் வழியில் ரொட்டிக்கடைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனேன்: 'தொடக்கம்: நேற்று மதியம்.'

திரும்பி வந்தால் எங்கள் கதவில் சாக்பீஸ் எழுத்து: 'இங்கே டீத்தூள் மட்டும் பழசு.'

மாமா, உங்களைச் சாதாரணமாக எடை போட்டுவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

நகராட்சி அதிகாரி மேடம் வந்தார். கையில் அளவு டேப். கதவை அளந்தார், சுவரைத் தட்டினார், என் சடையைத்தான் அளக்கவில்லை. ரொட்டிக்கடையில் அடுப்பை எப்போதோ மாற்றிக் கட்டிவிட்டார்களாம். மாமாவின் முகம் ஆறிப்போன பன் மாதிரி ஆனது.

எங்கள் படியைப் பார்த்ததும் அந்த மேடம் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"நடுவுல எப்படிக் குழிஞ்சிருக்கு பாருங்க! எத்தனை காலத்து நடை! இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

தகடு எங்களுக்கே! நான் குதித்த குதியில் ஒரு கோப்பை போனது.

அப்புறம் மேடம் சொன்னார்: "ஒரே ஒரு நிபந்தனை. இந்தப் படியையும் கீழ இருக்கற சமையலறையையும் மாத்தவே கூடாது. இப்படியே நடக்கணும்."

அப்பா, "அதெல்லாம் தொடவே மாட்டோம் மேடம்!" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

மார்ச் 11, புதன்

அப்பா கொத்தனாருக்கு ஃபோன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாசலில் தகடு மாட்ட ஆணியும் அடித்தாயிற்று.

"ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

"அவருக்கு எவ்ளோ சந்தோஷம் பாத்தியா? இருக்கட்டும் விடு."

சொல்லிவிட்டு இறங்கினாள். பக்கவாட்டில், ஒரு கை சுவரில், ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து. இதை இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லையா? குழாயில் கத்துவதோடு சரியா?

அப்பாவிடம் சொன்னேன். "கொஞ்சம் தைலம் தேச்சா சரியாயிடும்டி" என்றார். யாருக்கு? அவருடைய மூளைக்கா?

ச்சே. சிரிப்பு வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பெரியம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "தங்கச்சியைப் பாக்கணும்போல இருக்குன்னு சொல்லி ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்க. காரணம் கேக்காதீங்க." "யாருக்குடி குழி வெட்டற?" என்றாள். "வெட்டலை பெரியம்மா, மூடறேன்."

மார்ச் 15, ஞாயிறு

அம்மா பெரியம்மா வீட்டில். கீழே அப்பா. மேலே கல்லாவில் நான், கையில் குழாய்!

மூலை மேசையில் தினமும் செய்தித்தாளுக்குள் ஒளிந்திருக்கும் 'பேப்பர் சார்' உட்பட எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்: மொத்தமாகக் கேட்காதீர்கள், ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

"ஒரு டீ!" அப்பா ஏறி வந்தார், இறங்கினார். "இன்னொண்ணு, சர்க்கரை இல்லாம!" ஏறினார். "ஸ்பூன்!" ஏறினார்.

"எல்லாத்தையும் ஒரே தடவையில சொல்லித் தொலைய மாட்டியா?"

"கஸ்டமர் யோசிச்சு யோசிச்சுக் கேக்கறாங்கப்பா!"

மதியத்துக்கு மேல் அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். கையைச் சுவரில் ஊன்றி, பக்கவாட்டில் ஏற ஆரம்பித்தார். அம்மா மாதிரியே.

கடை மூடியதும் படியில் உட்கார்ந்து, அந்தக் குழிவில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். வாயில் ஒரு கிண்டல் தயாராக வைத்திருந்தேன். விழுங்கிவிட்டேன்.

"உங்கம்மா தினமும் இவ்ளோ ஏறுவாளாடி?"

"ஞாயித்துக்கிழமை கூட்டம் கம்மிப்பா."



மார்ச் 16, திங்கள்

அப்பா மேடத்துக்கு ஃபோன் செய்து தகடு வேண்டாம் என்றார். பிறகு நொண்டிக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார். பின்னாலேயே நானும்.

"நீங்கதான் பழசு. ஒத்துக்கறேன்."

மாமா ரொட்டியை வெட்டுவதை நிறுத்தினார். "என்னய்யா உள்குத்து? பொண்ணு எதாவது சொல்லி அனுப்பினாளா?"

"இல்லய்யா. கால் வலிக்குது."

மாமாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

கொத்தனார். தூசி. தும்மல். டீயில் சிமென்ட். இப்போதுதான் கெட்டியான டீ!

ஏப்ரல் 20, திங்கள்

தகடு ரொட்டிக்கடையில் மின்னுகிறது. சுற்றுலாக்காரர்கள் அங்கே படம் எடுத்துவிட்டு, தாகத்துக்கு இங்கே வருகிறார்கள். எங்கள் ஆணியில் அப்பா குடையை மாட்டுகிறார்.

காலையில் அம்மா தானே தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேசைக்குப் போனாள். பேப்பர் சார் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து இங்கே டீ குடிக்கிறவர்.

"இவங்க யாரு, புதுசா சேர்ந்திருக்காங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார்.

அம்மாதான் சொன்னாள்: "ஆமா சார், போன வாரம்தான் மேல வந்தேன். உங்களுக்கு அரைச் சர்க்கரை, பாலாடை இல்லாம. சரியா இருக்கா பாருங்க."