இடப்பக்கம் மூடும் குழாய்

வியாழன், காலை பத்து மணி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நலம். அங்கே எல்லாரும் நலமா என்று கேட்பது கடிதத்துக்கு உள்ள மரியாதை. இந்தத் தடவை மரியாதைக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

போனில் கேட்டால் போதாதா என்பாய். மூன்று வாரமாகப் போனில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்க சாப்பிட்டீங்களா" என்று பேச்சைத் திருப்பிவிடுகிறாய். அதற்கு மேல் கேட்டால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. மாடிவீட்டு நர்ஸ் நாளைக் காலை நீ இருக்கிற ஊருக்குத்தான் வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு.

முதலில் வீட்டுச் செய்தி. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். நீ சொன்ன அளவைவிட அதிகம் ஊற்றியதில் ஒன்று அழுகிவிட்டது, எது என்று இப்போது சொல்லமாட்டேன். மாடிப்படியில் பதினோராவது படி இன்னும் ஆடுகிறது. நர்ஸ் தினமும் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். பூனை மூன்று நாள் உன்னைத் தேடியது, பிறகு பக்கத்து வீட்டோடு சமாதானமாகிவிட்டது. அதற்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நீ போனதிலிருந்து தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில்தான் மூன்று வேளையும். அங்கே தட்டுக் கழுவும் வேலை நமக்கில்லை. ஞாயிறு கடை மூடியிருந்தது. நானே பால் காய்ச்சினேன், அடிப்பிடித்தது. பாத்திரத்தைச் சமையலறைக் குழாயில் தேய்த்துக் கழுவிவிட்டு, குழாயை வலப்பக்கம் திருகி மூடினேன். தண்ணீர் நிற்பதற்குப் பதிலாகச் சீறிக்கொண்டு வந்து சட்டை முழுக்க நனைந்தது. இன்னும் இறுக்கினேன், இன்னும் சீறியது. பம்ப் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் வால்வு திருகியவன், என் வீட்டுக் குழாயை மூடத் தெரியாமல் நின்றேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அது இடப்பக்கம் மூடும் குழாய். இருபது வருஷத்துக்கு முன்னால் அவசரத்தில் மாற்றி வாங்கி நானே மாட்டியது. நீ தினமும் திருகுகிறாய், எனக்குத்தான் மறந்துபோயிருக்கிறது.

அப்படியே ஈரச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காரணம் குழாய் இல்லை, எறும்பு.

நீ வரவழைத்துக் கொடுக்கிற வாரப்பத்திரிகையில் எறும்பு என்ற புனைபெயரில் ஒருவர் போடுகிற குறுக்கெழுத்துப் புதிர் வருகிறதே, 'ஆள் மாறாட்டம்', அதைத்தான் சொல்கிறேன். குறிப்பைப் படித்து ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அதைக் கட்டத்தில் எழுதக் கூடாது. அதில் ஓர் எழுத்தை வெளியே அனுப்பி, வேறோர் எழுத்தை உள்ளே விட்டு, பிறக்கிற புதுச் சொல்லை எழுத வேண்டும். கடல் என்று கண்டுபிடித்தால் உடல் என்று எழுத வேண்டும். மூன்று வருஷமாக அந்த எறும்பு என் தூக்கத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான் என்று உன்னிடம் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். ஆண் என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு குறிப்பு வந்தது. "இடப்பக்கம் மூடும் வீடும் உண்டு, முதலெழுத்து மாறினால் மெழுகின் வேலை." திருகு, உருகு. விடை எழுதிவிட்டேன், கோபம்தான் ஆறவில்லை. உலகத்தில் எந்தக் குழாயும் வலப்பக்கம்தான் மூடும், தொழில் தெரியாதவர்கள் புதிர் போடக் கூடாது என்று பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் புதிருக்குக் கீழே பொடி எழுத்தில் பதில் வந்தது: "புகார் எழுதிய வாசகர், தம் வீட்டுச் சமையலறையில் ஒருநாள் பாத்திரம் கழுவிப் பார்க்கவும்." என்ன திமிர் என்று குதித்தேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாய். இருமல் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் பாத்திரம் கழுவினேன்.

பரண்மேல் இருந்த பழைய இதழ்களை எல்லாம் இறக்கினேன். "பதினொன்றாவது ஆடும், பார்த்து ஏறு, முதலெழுத்து மாறினால் கைக்குள் அடங்கும்." படி, பிடி. அன்றைக்கு யோசிக்காமல் எழுதித் தள்ளியிருக்கிறேன். இன்னும் எத்தனையோ. என் செருப்புச் சத்தம், நீ மூக்குக்கண்ணாடி வைத்த இடத்தை மறப்பது, எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இருக்கிறது. வாராவாரம் உன் மகள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், நான் பேனாவால் கட்டத்தை நிரப்பிவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

நீ கள்ளி. எழுத்து விளையாட்டே பிடிக்காதவள், பத்திரிகை வந்ததும் அந்தப் பக்கத்தை மடித்துக் காபிக்குப் பக்கத்தில் வைப்பாய். எத்தனை போட்டீர்கள், எது வரவில்லை என்று கேட்பாய். பிறகு கொடியில் துணி எடுக்கப் போகிறேன் என்று போனையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாய். மழை நாளில்கூடத் துணி எடுத்தாய். யாரிடம் ஒப்பித்தாய் என்று இப்போது புரிகிறது. உன்மேல் கோபமில்லை. மூன்று வருஷம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்திருக்கிறாய், அதற்கு நன்றி என்று சொன்னால் சிரிப்பாய்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தரையில் கால் பாவவில்லை எனக்கு. நேற்று புதன்கிழமை. பத்திரிகைக்காகக் காலையிலிருந்தே வாசலில் நின்றேன். வந்தது. புதிர் வரும் பக்கத்தில் ஒரு சோப்பு விளம்பரம் இருந்தது. கீழே ஒரு வரி: "தவிர்க்க முடியாத காரணத்தால் இந்த வாரம் புதிர் இல்லை."

பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் நல்லவள். "அவங்க எப்பவும் மூணு வாரத்துக்கு முன்னாடியே அனுப்பிடுவாங்க சார். கையில இருந்ததெல்லாம் போட்டாச்சு, புதுசா வரல. மூணு வருஷத்துல இதான் முதல் தடவை" என்றாள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர்கள் வீட்டுக்காரர் போன் செய்தாராம், மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருக்கிறார்களாம், எழுந்து உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அப்புறம் அந்தப் பெண், "நீங்க யாரு சார் பேசறது?" என்று கேட்டாள்.

வாசகர் என்றேன். வேறென்ன சொல்வது, நீயே சொல்.

மூன்று வாரம். நீ கிளம்பிய அன்றைக்கே அவளைச் சேர்த்திருக்கிறார்கள். ஏழாம் மாதம், அசதியாக இருக்கிறாள், கூடமாட ஒத்தாசைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இடையில் ஒரு தடவை கொஞ்சம் பிரஷர் இருக்கிறது என்றாய். கொஞ்சம் என்பது ஓர் அளவா? என் பிழைப்பே பிரஷரைப் பார்ப்பதுதான். மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டால் கொஞ்சம் என்று சொல்கிற ஆளை நான் ஷிப்டில் வைத்துக்கொண்டதில்லை. மேலே எத்தனை, கீழே எத்தனை, நேற்று எத்தனை, இன்று எத்தனை, எழுது. கால் வீங்கியிருக்கிறதா, குழந்தை அசைகிறதா, எழுது. நர்ஸிடம் எண்ணைக் காட்டி அர்த்தம் கேட்டுக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

நான் ஏன் உடனே ஓடி வரவில்லை என்று நினைப்பாய். நேற்றே பெட்டி கட்டிவிட்டேன். செருப்பும் போட்டுவிட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. நிறைந்த குழாயில் நாள்பட மூடிக்கிடந்த வால்வைச் சட்டென்று திறந்தால் தண்ணீர் அடிக்கிற அடியில் குழாய் அதிரும், பழைய இணைப்பாக இருந்தால் வெடித்தே போகும். முதலில் கால் சுற்று. நின்று, காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் இன்னொரு கால் சுற்று. நாலு வருஷமாக முகம் காட்டாத மனுஷன் திடீரென்று கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றால் அவள் முள் எங்கே போகும்? அதற்கு நான் காரணமாகிவிடக் கூடாது.

அவள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேறு ஏதோ பத்திரிகையின் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ பட்டுச்சேலையை மாற்றாமல் திரும்பி வந்து நின்றாய். பதினேழு இடமிருந்து வலம் வரவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் வாழ்நாளில் பேசியதில்லை.

அந்தக் குழாய் மாட்டிய நாள் ஞாபகமிருக்கிறதா? எட்டு வயசு அவளுக்கு, வாலு என்று நான் கூப்பிட்ட காலம். டார்ச் பிடித்தது அவள்தான். "அப்பா, இது தப்பாத் திரும்புதுப்பா" என்று சிரித்தாள். என் தப்பை ஒத்துக்கொள்ள மனசு வராமல், "எல்லாக் குழாயும் ஒரே பக்கம் திரும்பணும்னு சட்டமா இருக்கு?" என்றேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தாள். நான்தான் சொன்னதை மறந்துவிட்டேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் போட்ட புதிர். கால் சுற்று என்று வைத்துக்கொள். நேற்று மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து, நான்கே சொல்தான் வந்தது. புதிரை அவிழ்ப்பது சுலபம், கட்டுவது எத்தனை கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. வாராவாரம் எப்படிக் கட்டினாளோ. முதல் குறிப்பு இது: "நாலு வருஷமாக மூடிக்கிடப்பது; நடுவெழுத்து மாறினால் தினமும் வருவது." விடை உனக்கு மட்டும்: கதவு, கனவு. அவளிடம் சொல்லாதே, அவளுக்குப் பிடிக்காது.

எறும்பின் கடைசிப் புதிரில் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. மருந்து என்று தெரியும், முதலெழுத்தை மாற்றிப் பருந்து என்று எழுத வேண்டும் என்றும் தெரியும். எழுதாமல் வைத்திருக்கிறேன். எழுதினால் புதிர் முடிந்துவிடும், அடுத்தது வரவில்லையே. மூடநம்பிக்கை என்று சிரிக்காதே.

தாளை அவளிடம் கொடுக்கும்முன் டாக்டரிடம் கேள். கூடாது என்றால் மடித்து உன் பையில் வை, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். கொடுக்கலாம் என்றால், படுத்தபடியே போடட்டும். பேனாவை மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும். ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்தப் போவதில்லை. அவர் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்றும் பார்.

நாலு சொல்லும் வேண்டாம். ஒரு கட்டம் போதும், ஓர் எழுத்துப் போதும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அவள் கையால் எழுதியது ஞாயிற்றுக்கிழமை நர்ஸோடு வந்துவிட்டால், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன். பெட்டி வாசலிலேயே இருக்கிறது. வந்தாலும் உள்ளே வரமாட்டேன். அவள் கூப்பிடுகிற வரைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும், அவளை இத்தனை நாள் காக்கவைத்ததுதான் தெரியாமல் போயிற்று.

தாயும் பிள்ளையும் இரண்டாக நல்லபடியாகப் பிரிந்து, நூறு வயசு இருக்கட்டும். நீயும் நேரத்துக்குத் தூங்கு. என் மகளைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாலுவோட அப்பா