இருட்டறையில் தையல் மிஷின்

ஏங்க,

நூல் வாங்க போளூர் போறேன். சாயங்கால பஸ்ல வந்துடுவேன். செல்லியம்மாள் வந்தா ஜாக்கெட்டு நாளைக்குன்னு சொல்லுங்க.

யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு என் தையல் மிஷினைப் புளி மூட்டை அறைக்கு மாத்தினீங்க. நல்ல எண்ணந்தான். ஆனா அங்க ஜன்னலே இல்லீங்க. ஜாக்கெட்டோட இடது கையை வலது பக்கம் வெச்சுத் தெச்சுட்டேன். பிரிச்சுப் பிரிச்சுக் கண்ணு பூத்துப்போச்சு. வாசல்ல நாலு பேர் பேச்சு காதுல விழுந்தாத்தான் எனக்கு வேலை ஓடும். நேத்து சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கினு படுத்துட்டீங்க. அதான் விடியக்காலையில நானே இழுத்தாந்து வாசல்ல போட்டுட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு.

மதலேனாள்

மறந்துட்டேன். நூல்கண்டு வைக்க நீங்க அறையில அடிச்ச பலகை மேலதான் உங்க களி இருக்கு. அந்த இருட்டுல தடவி எடுத்துச் சாப்பிடுங்க. சாப்ட்டுட்டுப் பலகையைக் கழட்டி வாசல்ல அடிச்சுடுங்க. அது எனக்கு வேணும்.