மடகாஸ்கருக்கு நடந்த முப்பத்தொரு போன்கள்

செப்டம்பர் 26, 2024. குடவாசல்
அக்காள் மகள் குந்தவை சென்னையிலிருந்து போன் செய்தாள். அவள் கம்பெனி ஒரு ஆப் விட்டிருக்கிறது: பத்தாயிரம் அடி நடந்தால் நம் பெயரில் மடகாஸ்கர் கடலோரத்தில் ஓர் அலையாத்திக் கன்று நடுவார்கள். அக்டோபர் முடிவதற்குள் நம் பக்கம் ஐந்நூறு பேரைச் சேர்த்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். “ஐந்நூறா? சோழ மண்டலமே எழுந்து நடக்கும். ஆயிரம்னு எழுதிக்க!” என்றேன்.

எழுதிக்கொண்டாளாம்.

செப்டம்பர் 29
டீக்கடை சைபுல்லாவிடம் முழங்கினேன். அவன் மசியவில்லை: “முத்துப்பேட்டையிலயே அலையாத்தி காடா கெடக்குண்ணே. மடகாஸ்கருக்கு நான் ஏன் நடக்கணும்?”
“கடல் ஒண்ணுதானேய்யா!”
“அப்ப டீயையும் அங்கயே போய்க் குடிங்க.”

அக்டோபர் 2
இதுவரை சேர்ந்தவர்: நான்.

அக்டோபர் 5
நடவு மேஸ்திரி ஞானாம்பாளையும் அவள் ஆட்களையுமாக முப்பது பெண்களைச் சேர்த்துவிட்டேன்! நாளெல்லாம் வயலில் நடக்கிறவர்கள். மாலையில் பார்த்தால் எல்லார் கணக்கிலும் பூஜ்யம். போன்கள் வரப்பில், தூக்குவாளிக்குப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. சேற்றில் யார் போனோடு இறங்குவார்கள்? இது ஏன் என் மண்டையில் ஏறவில்லை?

அக்டோபர் 6
அவர்கள் வயலில் இருந்தபோது முப்பது போனையும் உரச்சாக்கில் அள்ளி, என்னுடையதையும் போட்டு, பொழுது சாயும்வரை வரப்பில் நடந்தேன். யானைப்படை போவதுபோல் பூமி அதிர்ந்தது. ஒரே நாளில் முப்பத்தொரு மரம்! இனி மடகாஸ்கரில் வெயிலே அடிக்காது.

அக்டோபர் 8
எல்லாக் கணக்கும் முடக்கம். ஒரே வரப்பில், ஒரே நேரத்தில், முப்பத்தொரு பேர் அடி பிசகாமல் நடந்தார்களாம். மோசடி என்று குந்தவையிடம் விளக்கம் கேட்கிறார்கள்.
“ஆயிரம்னு நீங்க சொன்னத நம்பித்தானே மாமா, மேலிடத்துக்கு எழுதிக் குடுத்தேன்?” அழுதாள்.
எல்லாம் இந்த வாயால வந்தது. சும்மா கெடந்திருக்கலாம்ல— ஐந்நூறு போதாதுன்னு ஆயிரம்!

அக்டோபர் 9
கம்பெனிக்குக் கடிதம். நான்கு தடவை கிழித்தேன். ஒவ்வொன்றிலும் என் சவடால் படை திரண்டு வந்துவிடுகிறது. ஐந்தாவது: ‘நடந்தவன் நான் ஒருவன். போன்களைக் கேட்காமல் எடுத்ததும் நான். குந்தவைக்குத் தெரியாது.’ அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 10
ஞானாம்பாளிடமும் ஒப்புக்கொண்டேன். “எங்க போனுக்குக் கால் வலிக்குதான்னு கேட்டீங்களாண்ணே?” வயலே சிரித்தது. குந்தவை அனுப்பிய படத்தைக் காட்டினேன்: மடகாஸ்கரில் முட்டிவரை சேறு, வரிசையாகக் குனிந்த பெண்கள். சிரிப்பை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.
“இவளுங்களும் முதுகு ஒடியத்தான் நடுறாளுங்க... எட்ட எட்ட வைக்கிறாளுங்க, பாருங்க.”
மறுபடி நடவுக்குக் குனிந்துவிட்டாள்.

அக்டோபர் 28
பெண்களின் கணக்குகளைத் திறந்துவிட்டார்கள். குந்தவைக்கு வேலை போகவில்லை, நிரந்தரமும் இல்லை; இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

ஞானாம்பாளும் மூன்று பெண்களும் வேலை விட்டதும் ஷேர் ஆட்டோ ஏறுவதில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஊருக்கு நடக்கிறார்கள். இன்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

“இப்ப எத்தன பேரு மாமா?” என்று குந்தவை கேட்டாள்.
“நாலு.”
“நானூறா?”
“நாலும்மா.”

“சரி மாமா. நாலுன்னே எழுதிக்கிறேன்.”