கடைசியில் கட்ட வேண்டிய பெல்ட்

பெஹாலா,
18-1-2004

சிரஞ்சீவி மாதவிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே ஒருத்திக்கு எவ்வளவு சௌக்கியம் உண்டோ அவ்வளவு சௌக்கியமாக இருக்கிறேன், போர்ட் பிளேரில் நீயும் நீ கடலில் முங்கும்போது மாட்டும் மூச்சுக் குழாய்களும் சௌக்கியம் என்று நான்கு வரியாவது எழுது. குளிர் இன்னும் போகவில்லை. சங்கராந்திக்குக் கீழ் வீட்டுக் கல்பனா பாயசம் கொடுத்தாள், ஒருத்தியாக மூன்று நாள் சாப்பிட்டேன். அப்பா இருந்தால் ஒரு வேளைக்குக் காணாது.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே. பவளப்பாறைக் கணக்கெடுப்புக்கு ஆபீசில் முங்கும்போது போட புது ஜாக்கெட் கொடுத்திருக்கிறார்கள், அது மேலே ஏறாமலிருக்கக் கால்களுக்கு நடுவே ஒரு வார் உண்டு, ஆளை அடியில் இறக்க ஈயக் கட்டி கோத்த பெல்ட்டை முதலில் கட்டி அதன்மேல் வாரை மாட்டினால் உரசாமல் சுகமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு அது சரியாகப் புரியவில்லை, அதனால் கட்டிலுக்கு அடியில் நீ விட்டுப்போன பழைய ஜாக்கெட், பெல்ட் செட்டை வியாழக்கிழமை மத்தியானம் எடுத்தேன். யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்று கீழ்த் தாழ்ப்பாளும் போட்டேன். பழைய ஜாக்கெட்டில் வார் இல்லை, அப்பா ரயிலுக்குப் படுக்கை சுருட்டும் ஹோல்டாலின் வாரைக் கோத்துக்கொண்டேன். பாவாடை நாடாவை முதலில் முடிந்து அதன்மேல் புடவை கட்டிப் பழகிய கை, பெல்ட்டைத்தான் முதலில் கட்டியது. உனக்கும் இந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலே வந்துவிடலாம் என்று நீதானே சொல்லிவிட்டுப் போனாய். இழுத்தேன். பக்கிள் திறந்தது, பெல்ட் விழவில்லை, வாரில் மாட்டிக்கொண்டு ஆறு கிலோ ஈயமும் கால் நடுவே தொங்கியது. கனத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், எழுந்து நிற்க முடியவில்லை, துருப்பிடித்த ஹோல்டால் பக்கிளும் என் விரலுக்கு மசியவில்லை. ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் மாதவி. தண்ணீருக்கு அடியில் உனக்கு இப்படி மாட்டிக்கொண்டால் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன், உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஐந்து மணிக்குக் கல்பனா கதவைத் தட்டினாள், நகர்ந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன். பெரியம்மா முறை வைத்து மாஷிமா என்று கூப்பிட்டு, அந்தமானுக்கா கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வாரை அவிழ்த்தாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறுபடி கட்டினேன், ஜாக்கெட்டும் வாரும் முதலில், பெல்ட் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே. பழைய பஞ்சு ரஜாயைத் தரையில் விரித்து ஒரு கையால் இழுத்தேன், தொப்பென்று விழுந்தது. இடது கையால் இழுத்தாலும் விழுந்தது. இடுப்பு உரசினால் உரசட்டும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள். கூட இறங்குகிற சாவித்திரியைக் குதிக்கும் முன் உன் பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல், நீ அவளுடையதைப் பார்.

புரியாததால் எடுத்தேன் என்று மேலே எழுதியது முழு நிஜமில்லை. அந்த ஜாக்கெட்டை அதற்கு முன்பும் நாலைந்து மத்தியானம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் நீ போட்டுக் கழற்றியதில் நான் துவைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

இறங்கிய இடத்திலெல்லாம் நல்லபடியாக ஏறி வர பெருமாள் துணையிருக்கட்டும். பெல்ட் கடைசியில், மறக்காதே. நானும் மத்தியானத்தில் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டேன்.

உன் அம்மா,
நாகலக்ஷ்மி