ரத்தம் எடுக்கவில்லை

வியாழக்கிழமை ராத்திரி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எதிர்வீட்டை இடித்து நாலு மாடி கட்டிய வருஷம் இது. என் ஜன்னலுக்கு வெயில் நின்றுபோனதும் இந்த வருஷம்தான். எனக்கு எழுதத் தெரியாது, போனிடம் சொல்லிவைக்கிறேன்.

கால் வலிக்கிறதென்று இன்று தெருமுனை கிளினிக்குக்குப் போனேன். ரத்தம் எடுக்கச் சொன்னால் மகன் பொம்மசந்திரா பாக்டரியிலிருந்து லீவு போட்டு வருவான், ரிசல்ட் வாங்க இன்னொரு தடவையும் வருவான். அந்த ஆசையில்தான் போனேன்.

டாக்டரம்மா வெறும் கேள்வியாகவே கேட்டார். "வெளியே போறீங்களா தாத்தா? மீன், முட்டை சாப்பிடுறீங்களா? எழுந்திருக்கும்போது தொடை வலிக்குதா?"

உள்ளதைச் சொன்னேன்.

"விட்டமின் டி கம்மியாத்தான் இருக்கும். இதுக்கு ரத்தம் பாக்கத் தேவையில்ல, மாத்திரை தர்றேன்."

"எதுக்கும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கம்மா."

"ஊசின்னா எல்லாரும் ஓடுறாங்க, நீங்க கேட்டு வாங்குறீங்களே!" என்று சிரித்தார். "காலையில வெயில்ல உக்காருங்க. பேச்சுத் துணைக்கு யாராவது இருக்காங்களா?"

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மகனுக்குப் போன் போட்டேன்.

"மாத்திரையோட முடிஞ்சுதா? நல்லதாப் போச்சுப்பா. லீவு கேக்கணுமோன்னு பயந்துட்டேன்" என்றான்.

அந்தக் காலத்தில் தங்கவயல் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து மேலே வந்தால் உடனே வீட்டுக்குப் போகமாட்டோம். கண்கூச்சம் தெளியும்வரை சுவரோரம் வெயிலில் வரிசையாகக் குந்தி பீடி குடிப்போம். இப்போது படுத்தபடி அந்த வரிசையை ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தேன். முனிரத்தினம் இல்லை. சேவியர் இல்லை. காசி போன தை மாதம் போய்விட்டான். பேச்சுத் துணை என்று பார்த்தால், உயிரோடு இருப்பது ஆண்டர்சன்பேட்டை அந்தோணிசாமி ஒருவன்தான்.